பசுமை மின்சாரத் திட்டம்: உங்க காசு எதுக்குப் போகுது?

2018 நவம்பரிலிருந்து கட்டங்கட்டமாக, சிங்கப்பூரில் வீடுகளும் சிறு வர்த்தகங்களும் எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்பதைத் தாங்களே முடிவுசெய்யத் தொடங்கின. சில நிறுவனங்கள் 'பசுமை'த் திட்டங்களையும் விற்கின்றன.

அதுக்கு மாறினா, வீட்டுக்கு வர்ற மின்சாரம் மாறுமா?

மாறாது. யாரிடம் வாங்கினாலும் அதே எஸ்பி குழுமக் கம்பிவடம்தான். நாட்டின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது.

அப்போ காசு எதுக்கு?

பெரும்பாலும் சான்றிதழுக்கு. சூரியசக்தி போன்ற வழிகளில் 1,000 கிலோவாட் மணி மின்சாரம் உற்பத்தியானால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். நீங்கள் பயன்படுத்தும் அளவுக்கு ஈடாக நிறுவனம் அதை வாங்கிக் கணக்குக் காட்டும்.

அப்போ ஏமாத்து வேலையா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. உள்ளூர் புளோக்கின் கூரையில் உள்ள சூரியத் தகடு தந்ததா? வெளிநாட்டில் பல்லாண்டாக ஓடும் நீர்மின் நிலையத்திலிருந்து வந்ததா? இரண்டாவது என்றால், உங்கள் காசால் புதிதாக ஒரு தகடு கூடுவது சந்தேகம்தான்.

கையெழுத்துப் போடும் முன் 3 கேள்வி கேளுங்க: பயன்பாட்டில் எத்தனை விழுக்காட்டுக்குச் சான்றிதழ்? எந்த நாடு? எந்த ஆண்டு?

தெளிவான பதில் வரலைன்னா, நீங்க வாங்குறது வெறும் பெயரைத்தான்.