செவியை அளந்தால் போதுமா?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும், "காது ஒழுகுதா? தானா சரியாப் போயிடும்" என்ற பதிலே கிடைக்கும். பால் பல் விழுவதைப் போல, ஓடி விளையாடும்போது முழங்கால் சிராய்ப்பதைப் போல, காதில் சீழ் வடிவதும் குழந்தைப் பருவத்தில் இயல்பானதே என்று நம் மக்கள் எண்ணிவிட்டனர். காய்ச்சல் வந்தால் மருந்து உண்டு. கை முறிந்தால் கட்டு உண்டு. காது ஒழுகினால் பஞ்சு உண்டு, அவ்வளவே! அடிக்கடி காது நோய்க்கு ஆளாகும் குழந்தை எத்தனை இன்பங்களை இழக்கிறது என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. அக்கணக்கை எடுக்க வேண்டும் என்பதும், அதை நம் பகுதிக்கு ஏற்றவாறு எடுக்க வேண்டும் என்பதுமே எங்கள் கருத்து.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு ஒரு சிறு குழல் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது நீண்டு சரிந்திருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாகவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருக்கும். ஆகவே சளி பிடித்தால் கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. வலி பொறுக்க முடியாததாகிறது. சில வேளைகளில் செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வடிகிறது. வடிந்ததும் வலி குறையும். உடனே நோய் தீர்ந்தது என்று வீட்டார் மகிழ்ந்துவிடுவர். ஆனால் சளி போன்ற நீர் உள்ளேயே தங்கி, வாரக்கணக்கில் கேட்கும் திறனைக் குறைப்பதுண்டு. 6 மாதங்களில் 3 முறையோ, ஓர் ஆண்டில் 4 முறையோ இந்நோய் வந்தால் அதனை மீண்டும் மீண்டும் வரும் காது நோய் என்று மருத்துவர்கள் வகுத்துள்ளனர். நெருக்கடியான வீடு, பிறர் ஊதும் பீடி சிகரெட்டின் புகை, குழந்தையைப் படுக்க வைத்துப் புட்டிப்பால் புகட்டுதல் ஆகியன இந்நோயைப் பெருக்குகின்றன.

இது எங்கோ சிலருக்கு வரும் நோயன்று. நாட்பட்ட காதுச் சீழ் குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், அந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளின் வரிசையிலேயே இந்தியா இடம்பெற்றது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றின் பிள்ளைகளைச் சோதித்து 1997 இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒருவருக்கும் மேலாகக் கேட்கும் திறன் குறைந்திருந்தது தெரியவந்தது. அவ்வாறெனில், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் பாடம் அரைகுறையாகவே காதில் விழும் பிள்ளைகள் சிலரேனும் இருக்கக்கூடும் அல்லவா?

மருத்துவர் விளக்கைப் பிடித்துச் செவிப்பறையைப் பார்க்கிறார். கருவியின் உதவியால் எத்தனை டெசிபல் ஒலி கேட்கிறது என்று அளக்கிறார். இவை மிகவும் தேவையானவை. ஆயினும் இவை செவியை மட்டுமே அளக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு வலியால் விழித்து அழுத குழந்தை காலையில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தடுமாறினால், அத்தடுமாற்றம் எந்தக் கருவியில் பதியும்? சீழின் நாற்றத்தால் பக்கத்தில் அமர்ந்தவள் சற்று விலகி உட்கார்ந்தால், அந்த விலகலை எந்தக் கருவி அளக்கும்? நோயின்மை மட்டுமே நலமன்று. உடலும் உள்ளமும் சமுதாய வாழ்வும் செம்மையாக இருப்பதே நலம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1948 இலேயே தன் சாசனத்தில் வகுத்துவிட்டது. வாழ்க்கைத் தரத்தை அளத்தல் என்னும் முயற்சி இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே எனலாம்.

இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஓர் அளவுகோலும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ரோசன்ஃபெல்டும் அவருடன் பணியாற்றியோரும் 1997 இல் வெளியிட்ட அதன் பெயர் ஓ.எம்.-6. அதில் உள்ளவை ஆறே கேள்விகள். கடந்த நான்கு வாரங்களில் குழந்தைக்கு ஏற்பட்ட உடல் வேதனை எவ்வளவு? கேட்பதில் குறை எவ்வளவு? பேச்சில் குறை எவ்வளவு? மன வருத்தமும் எரிச்சலும் எவ்வளவு? விளையாட்டு, உறக்கம், பள்ளி ஆகியவற்றுக்கு நேர்ந்த தடை எவ்வளவு? வளர்ப்போருக்கு உண்டான கவலை எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட வேண்டும். எண் கூடக் கூடத் தொல்லை அதிகம் என்று பொருள். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் இதனைக் கேட்டால், குழந்தையின் வாழ்வு உண்மையில் மேம்பட்டதா என்பது விளங்கிவிடும்.

எளிய முறை, நல்ல முறை. ஆனால் நம் பகுதியில் இதனை அப்படியே பயன்படுத்தினால் போதாது என்பது எங்கள் எண்ணம். அதற்கு நான்கு காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது, பழக்கம். மூன்று ஆண்டுகளாகக் காது ஒழுகும் பிள்ளையின் தாயிடம், "தொல்லை எவ்வளவு?" என்று கேட்டால், "பெரிசா ஒண்ணும் இல்லை, பழகிப்போச்சு" என்பார். தாளில் 2 என்று விழும். துன்பம் குறைந்ததால் விழுந்த 2 அன்று அது. துன்பத்தைத் துன்பமென்று எண்ணாததால் விழுந்தது. எனவே எண்ணிச் சொல்லக்கூடியவற்றைக் கேட்க வேண்டும். இம்மாதம் எத்தனை இரவுகள் விழித்தாள்? எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை? எத்தனை முறை தலையணை உறையில் சீழ் பட்டது? இவற்றுக்குப் பழகிப்போச்சு என்று பதில் கூற முடியாது.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. ஓ.எம்.-6 பெற்றோரைக் கேட்கிறது. காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலத்துக்குச் செல்லும் தாயும், கடலுக்கோ ஆலையின் இரவுப் பணிக்கோ செல்லும் தந்தையும் வகுப்பறையில் நடப்பதை எவ்வாறு அறிவர்? மேலும், பெற்றோர் கணிக்கும் கேள்தன்மை கருவி காட்டும் அளவோடு ஒத்துப்போவதில்லை என்பதை ரோசன்ஃபெல்டு குழுவினரே 1998 இல் ஆராய்ந்து எழுதினர். ஆகவே ஆசிரியையையும் கேட்க வேண்டும். வீட்டில் உடன் இருக்கும் பாட்டியையும் கேட்க வேண்டும். எல்லோருக்கும் மேலாக, ஏழெட்டு வயதான குழந்தையாயின் அவளையே கேட்க வேண்டும். தன் வலியை அவளைவிட அறிந்தவர் யார்?

மூன்றாவது, பேச்சு. புலியையும் புளியையும், பள்ளியையும் பல்லியையும் பிரித்தறிய நுட்பமான கேள்வி வேண்டும். நடுச்செவியில் நீர் தங்கிய குழந்தைக்கு அந்நுட்பம் மங்குகிறது. அவள் பிழையாக ஒலித்தால், "வடசென்னைப் பேச்சு அப்படித்தான்" என்று சிரித்துவிடுகிறோம். நம் வட்டாரப் பேச்சு நோயன்று. அதற்கு மதிப்பெண் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பின் பின்னே ஒரு நோய் மறைந்துவிடவும் கூடாது. அதே தெருவில், அதே வீட்டில் வளரும் அக்காளும் தம்பியும் தெளிவாகச் சொல்லும் சொல்லை இவள் மட்டும் சொல்லத் திணறுகிறாளா என்று பார்த்தால் வேற்றுமை புலப்பட்டுவிடும்.

நான்காவது, நாம் பெண்களாக இருப்பது. பெண் பிள்ளைக்குக் காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாதே என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. அப்பிள்ளை கேட்டதைப் போலத் தலையசைக்கக் கற்றுக்கொள்கிறாள். பிறர் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறாள். அடக்கமானவள் என்று பெயரும் வாங்குகிறாள்! அந்த அடக்கத்துக்குள் எத்தனை தனிமை என்பதைக் கேட்க ஆறு கேள்விகளோடு ஏழாவதாக ஒன்று வேண்டும்: "கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டாயா?"

"கேள்வித்தாள் சீழை நிறுத்துமா? முதலில் மருந்துக்கு வழி தேடுங்கள்" என்று சிலர் கூறலாம். அது நியாயமான கேள்வியே. ஆனால் மருந்துக்கு வழி நம் அருகிலேயே உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மருத்துவக் குழுவினர் சோதிக்க வேண்டியவற்றுள் நடுச்செவி நோயும் ஒன்று. இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் முக்கியமான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. இத்தனை இருந்தும் குழந்தை மருத்துவரிடம் போகாததற்குக் காரணம், அவள் துன்பம் எவர் கண்ணுக்கும் துன்பமாகத் தோன்றாமையே. ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டுமா என்று தயங்கும் தாய்க்கு, "இம்மாதம் உங்கள் மகள் ஒன்பது இரவுகள் உறங்கவில்லை, ஆறு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை" என்று எடுத்துக் காட்டினால் தயக்கம் தீரும் அன்றோ? நம் பகுதியின் காற்றை அளக்க மணலியில் நிலையம் உண்டு. அக்காற்றைச் சுவாசிக்கும் குழந்தையின் இரவுகளை அளக்க ஒரு தாளும் பென்சிலும் போதுமே!

ஆகவே பருவத்துக்கு ஒரு முறை, கீழ் வகுப்புகளில் இக்கேள்விகளைக் கேட்க வேண்டுமென்று நம் பள்ளிகளை வேண்டுகிறோம். மேல் வகுப்பு மாணவியராகிய நாம் இதில் உதவலாம். ஆனால் சில நெறிகள் வேண்டும். விடைகளை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தக் கூடாது. சென்ற பருவத்து அவளோடு இந்தப் பருவத்து அவளை மட்டுமே ஒப்பிட வேண்டும். இத்தாள் மருத்துவச் சோதனைக்கு மாற்றும் ஆகாது. மருத்துவரிடம் அனுப்பும் வரை அவளை முன்வரிசையில், சாலையில் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் படாத பக்கத்தில் அமர்த்த வேண்டும். ஒழுகும் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும், கொண்டை ஊசியால் குடைவதும், அக்காதோடு கடலில் மூழ்கிக் குளிப்பதும் கேடு என்பதை அவள் வீட்டாருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை கேள்விச் செல்வத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அச்செல்வம் நுழையும் வாயிலே அடைபட்டால் கல்வி எங்ஙனம் நுழையும்? மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்தில், காது கேளாமல் பேச்சும் திக்கிய ஒருவரை நம் ஆண்டவர் குணமாக்கும் நிகழ்ச்சி வருகிறது. அவர் அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராக அன்றி, தனி ஒருவராக அவரை அணுகினார். அந்தத் தனிக் கவனத்தையே இங்கு நாம் வேண்டி நிற்கிறோம்.

அன்புத் தோழியரே! நம் தங்கையருள் எவளேனும் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருந்தால், "செவிடா நீ?" என்று ஏசாதிருப்போம். அருகில் சென்று, முகம் பார்த்து, "நேற்று இரவு நன்றாகத் தூங்கினாயா?" என்று கேட்போம். அளவுகோலின் முதற்கோடு அங்கேயே தொடங்குகிறது.