ஸ்பிரிட் ஊர்தியை முடக்கிய நினைவகக் கடன்

2004 ஜனவரி தொடக்கத்தில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, மூன்று வாரம் முடிவதற்குள் செயல்குலைந்தது. சக்கரத்திலோ ஆன்டெனாவிலோ பழுதில்லை. குறித்த நேரத்துக்குள் குறித்த வேலை முடிந்தாக வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் அதில் ஓடியது. நினைவகம் அங்கே அடுக்கடுக்காகப் பங்கிடப்பட்டிருந்தது: அடியில் பொதுத் தொகுப்பு, அதிலிருந்து தனக்கென ஒரு பங்கை எடுத்து வைத்திருக்கும் கோப்பு நிரல், அதற்கு மேல் மற்ற பணிகள். ஃபிளாஷ் சேமிப்பகத்தில் கோப்புகள் பெருகப் பெருக (அழித்த கோப்புகளின் பதிவுகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன) அந்தப் பங்கு தீர்ந்தது. தீர்ந்தால் பொதுத் தொகுப்பிலிருந்து மேலும் வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அதுவும் வற்றியதும், நினைவகம் கேட்ட பணியே நிறுத்திவைக்கப்பட்டது. கணினி ரீபூட் ஆனது. ஆனதும் அதே கோப்புகளைத் திறக்க அதே நினைவகத்தைக் கேட்டு மறுபடியும் விழுந்தது. ஃபிளாஷைத் தொடாமல் தொடங்கும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பித்தான் அதை மீட்டார்கள்.

அடுக்குகள் இருந்தன, அவற்றுக்கிடையே 'இனி இல்லை' என்று மறுக்கும் எல்லை இல்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் உச்சவரம்பைத் தொடக்கத்திலேயே வகுத்து, அதைத் தாண்டிய கோரிக்கையை அந்த அடுக்கிலேயே மறுக்க வேண்டும் என்பதே என் வாதம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வெளியிட்ட 10 நிரல் விதிகளில் மூன்றாவது இதைவிடக் கண்டிப்பானது: தொடக்க ஏற்பாடுகள் முடிந்தபின் புதிதாக நினைவகம் ஒதுக்கவே கூடாது. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இன்னொரு நிகழ்நேர இயங்குதளம் தரும் 5 ஒதுக்கீட்டு முறைகளில் முதலாவது, கொடுத்ததைத் திரும்பப் பெறாது. குறைபோலத் தோன்றும் அந்த எளிமைதான் நினைவகம் துண்டு துண்டாகச் சிதறாமல் காக்கிறது.

இப்படி முன்கூட்டியே ஒதுக்கினால் நினைவகம் வீணாகும் என்பார்கள். வீணாகத்தான் செய்யும், ஆனால் எவ்வளவு என்பது முன்பே தெரியும். கோரிக்கை எத்தனை பெரிதானாலும் மாறாத நேரத்தில் ஒதுக்கும் டிஎல்எஸ்எஃப் முறை 2004லேயே வந்துவிட்டதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அது நேரச் சிக்கலைத் தீர்ப்பது உண்மை. சிதறலையும் பெரிதும் குறைக்கிறது. ஆனால் தீர்ந்துபோன தொகுப்பிலிருந்து எந்த முறையாலும் எடுத்துத் தர முடியாது. ஸ்பிரிட்டை வீழ்த்தியது தாமதமல்ல, பற்றாக்குறை. மருந்தேற்றும் கருவிக்கும் கார் பிரேக்குக்கும் நிரல் எழுதுவோர், நினைவகம் மறுக்கப்படும்போது ஒவ்வோர் அடுக்கும் என்ன செய்யும் என்பதைக் கருவி வெளியே போகும்முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.