தூக்குக்குண்டு உணர்த்தும் பாடம்



கோம்பையில் ஒரு புதிய வீட்டுக்குச் சுவர் எழும்புகிறதென்றால், கொத்தனார் அடிக்கடி ஒரு செயலைச் செய்வதைக் காணலாம். நூலில் கட்டிய குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்று நோக்குவார். அதுவே தூக்குக்குண்டு. பூமியின் ஈர்ப்பு நூலைச் செங்குத்தாக இழுத்துப் பிடிக்கிறது. சுவரில் சாய்வு இருந்தால் அந்த நூலிடம் மறைக்க இயலாது.

இதே கருவியை ரோமானியக் கொத்தனாரும் கையாண்டார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பாம்பேய் நகரைச் சாம்பலில் புதைத்தது. அங்கே, கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டைத் தொல்லியலார் அகழ்ந்தெடுத்து, 2024 மார்ச்சில் உலகுக்கு அறிவித்தனர். ஈயத்தாலான தூக்குக்குண்டு, சாந்து குழைக்கும் இரும்பு மண்வெட்டி, அடுக்கிய கூரை ஓடுகள், குவித்த கற்கள், சுவரில் கரியால் குறித்த எண்கள் என யாவும் அங்கே இருந்தன.

இத்தகைய கண்டெடுப்பு அரிது. ஏன் தெரியுமா? வேலை முடிந்தால் தொழிலாளி தம் கருவிகளை எடுத்துச் சென்றுவிடுவார். தேய்ந்த உளி கொல்லன் உலைக்குச் சென்று வேறு பொருளாகிவிடும். பள்ளிவாசலும் கோயிலும் கோட்டையும் நிலைத்திருக்க, அவற்றைச் செதுக்கிய இரும்பு மறைந்துவிடுகிறது. நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உளி பதித்த கோடுகள் இன்றும் கல்லில் உள்ளன. அவற்றைப் பதித்த உளியோ நம்மிடம் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை எண்ணிப் பாருங்கள். 1895இல் திறக்கப்பட்ட அந்த அணையில் சுண்ணாம்புடன் செங்கல் தூளாகிய சுர்க்கியும் கலக்கப்பட்டது. ரோமானியரும் சுண்ணாம்பில் செங்கல் தூள் சேர்த்துக் காரை அமைத்தவர்களே. பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பெயர் நம் நாவில் நிற்கிறது. காட்டுக் காய்ச்சலுக்கிடையே கல் சுமந்து, சுண்ணாம்பு நீற்றிய ஆயிரக்கணக்கானோரின் பெயரை நாம் அறியோம். அவர்கள் கைப்பட்ட கருவிகள் எங்கே?

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனாரின் கரணையோ, உளியோ, மரத்தாலான மூலைமட்டமோ கிடக்கலாம். பழைய இரும்புக் கடையில் அதன் மதிப்பு சில ரூபாய்தான். எடைக்குப் போடுமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அது யாருடையது? எந்தக் கட்டடத்தில் உழைத்தது? எவ்வேலைக்குப் பயன்பட்டது? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்து அரைத்தனர் என்பதை ஊரிலுள்ள முதிய கொத்தனாரிடம் கேட்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழஞ்சுவரைப் பழுதுபார்க்கும் நாளில் அக்குறிப்பு உதவும்.

பாம்பேயின் தூக்குக்குண்டை ஒரு பேரழிவு காத்துத் தந்தது. நம் வீட்டுக் கருவிகளைக் காக்க நம் அக்கறை ஒன்றே போதும்.