டிகிரி பிறகும் வரலாம்

“முதலில் ஏதாவது ஒரு டிகிரியை முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.” சென்னை ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரை இது. 1929-இல் பல்கலைக்கழகம் நிறுவியவரின் பெயர் தாங்கிய பகுதியில் படிப்புக்கு மதிப்பு இருப்பது இயல்புதான். ஆனால் பிடிக்காத பாடத்தில் கழியும் மூன்று ஆண்டுகள் வழியைக் காட்டுவதில்லை, தேடலைத் தள்ளிப்போடுகின்றன.

எதிர்ச்சான்று சென்னையிலேயே இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் 2005 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மென்பொருள் வேலையில் அமர்த்துகிறது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் தொழிற்சாலைகளில் வேலை பழகுவோருக்கும் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது.

டிகிரி இல்லாவிட்டால் அரசு வேலை இல்லை என்பதும் பாதி உண்மையே. குரூப் 1 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும்.

பட்டத்துக்கான கதவும் மூடிவிடுவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ பெற்றவர் அப்படியே பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க, 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தை நீட்டும் பெற்றோர் கிண்டி ஐ.டி.ஐ.யின் சேர்க்கை விவரத்தையும் பிள்ளையின் முன் வைக்கட்டும்.