திடலுக்கு ஏற்ற உடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. திருமண மண்டபத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் அது பொருந்தும். ஆனால், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் பயிலும் பாலர் பள்ளிக்கும் அதனை அப்படியே கொண்டுவந்தால், ஆடை வாழ, ஆள் வாடும் நிலை ஏற்படுகின்றது. இஃது எங்கள் கற்பனையன்று. ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் காணும் காட்சியாகும்.

பாலர் வகுப்பினரைத் திடலுக்கு அழைத்துச் சென்ற ஒரு காலைப்பொழுது எங்கள் நினைவை விட்டு இன்னும் அகலவில்லை. சீருடை அணியத் தேவையில்லாத நாள் அது. பிள்ளைகள் எல்லாரும் சறுக்கு மரத்தை நோக்கி ஓடினர். ஒரு சிறுமி மட்டும் மரத்தடி இருக்கையை விட்டு எழவில்லை. சரிகைக் கரையிட்ட பட்டுப் பாவாடையும் கொலுசும் மெல்லிய சங்கிலியும் அணிந்து வந்திருந்தாள். “ஏனம்மா விளையாட வரவில்லை?” என்று வினவினோம். “அழுக்கானா அம்மா ஏசுவாங்க, டீச்சர்” என்றாள். அரை மணி நேரமும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்தவாறே தோழியர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாயை நாங்கள் குறை கூற முற்படவில்லை. அந்தப் பட்டுப் பாவாடை அவரது அன்பின் அடையாளம். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. நம்மில் பலருடைய பாட்டிமார் தோட்டப்புறத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றபோது, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். அப்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை தீபாவளிக்குக் கிடைத்ததே புத்தாடை. அவ்வறுமையைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர்கள், தம் பிள்ளையாவது நாலு பேர் மதிக்க உடுத்த வேண்டும் என்று விரும்புவதில் வியப்பென்ன இருக்கின்றது?

“நாங்கள் வெறுங்காலோடு ஓடினோமே, எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கும் பெரியோரும் உளர். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவர்களின் பாதத் தோல் வழியே கொக்கிப்புழு புகுந்து, குருதியைக் குறைத்து, தோட்டத் தொழிலாளர் பலரை நலிவுறச் செய்தது என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. ஆகவே, பட்டும் வேண்டா, வெறுங்காலும் வேண்டா. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நல்வழி ஒன்று உண்டு.

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று கருதுவதிலிருந்தே இச்சிக்கல் தொடங்குகின்றது. செர்மனி நாட்டு அறிஞர் பிரெடரிக் பிரோபல் 1837ஆம் ஆண்டில் சிறுபிள்ளைகளுக்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்கு அவர் இட்ட பெயரின் பொருளே ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பதாகும். நம் பாரதியார் தம் பாப்பா பாட்டில் குழந்தையிடம் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டதும் விளையாட்டைத்தான். படிப்பு அதன் பின்னரே வருகின்றது. 2017ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட நம் நாட்டுப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் உடல் வளர்ச்சிக்குத் தனியிடம் அளித்தது. ஏறியும் தொங்கியும் மணலை அள்ளியும் வலுப்பெற்ற விரல்களே பின்னர் எழுதுகோலை உறுதியாகப் பற்றுகின்றன. பகலொளியில் நாளும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறைகின்றது என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மை. திடலில் அரை மணி நேரம் வீணே அமர்ந்திருந்த பிள்ளை, ஒரு பாடத்தை இழந்த பிள்ளையே ஆவாள்.

அவ்வாறாயின், ஏற்ற உடை எது? நம் நாடு வெப்பமும் ஈரமும் மிக்க நாடு. வியர்வை எளிதில் உலர்வதில்லை. சிறுபிள்ளையின் உடலோ பெரியவர் உடலைக் காட்டிலும் விரைவில் சூடேறும். எனவே தளர்வான பருத்திச் சட்டையே சிறந்தது. ஏடிஸ் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிப்பதால், முழங்காலை மூடும் மெல்லிய வெளிர்நிறச் சிலுவார் நன்று. தலைக்கு விளிம்புள்ள தொப்பி. காலுக்கு விரல்களை மூடிய, பிள்ளை தானே மாட்டிக்கொள்ளக்கூடிய காலணி. ஜப்பான் சிலிப்பர் ஓடும்போது வழுக்கும். கழுத்துச் சங்கிலியும் சட்டையில் தொங்கும் கயிறும் சறுக்கு மரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். அவை வீட்டிலேயே இருக்கட்டும். பையில் பெயர் எழுதிய மாற்றுடை ஒன்றும், மழைக்காலமாயின் மழைச்சட்டையும் இருந்தால் போதும். இவற்றுள் எதுவும் விலையுயர்ந்ததன்று. வீட்டில் இருக்கும் பழைய, சாயம் போன சட்டையே திடலுக்கு மிக ஏற்றது.

“வெயிலில் விட்டால் பிள்ளை கறுத்துவிடும்” என்று சில பெற்றோர், சிறப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றோர், எங்களிடம் கூறுவதுண்டு. கடும் வெயிலுக்கு அஞ்சுவது முறையே. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பம் மிகுந்தபோது, பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வி அமைச்சே பணித்தது. அத்தகைய நாள்களில் நாங்களும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதில்லை. மற்ற நாள்களிலும் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறோம். ஆனால், நிறத்திற்கு அஞ்சுவது வேறு. கறுப்பு ஒரு குறை என்ற எண்ணத்தை ஐந்து வயதிலேயே பிள்ளையின் நெஞ்சில் விதைத்தால், அது வாழ்நாள் முழுதும் முள்ளாக உறுத்தும். அண்ணன் திடலில் ஓட, தங்கை நிழலில் அமர்ந்து நிறம் காப்பது எவ்வகை நீதி?

இனி, எங்கள் பக்கக் குறையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோருக்கு நீண்டதொரு சுற்றறிக்கை அனுப்புகிறோம். ‘கூடாது, கூடாது’ என்று அடுக்குகிறோமேயன்றி, ஏன் என்று விளக்குவதில்லை. இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்திறங்கும் தாய், காலை ஆறு மணிக்குக் கைக்கெட்டிய உடையைப் பிள்ளைக்கு மாட்டி அனுப்புகிறார். அவரிடம் சுற்றறிக்கையைக் காட்டிக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அதனினும் கொடிது, பெற்றோர் செய்த தவற்றுக்காகப் பிள்ளையைத் திடலோரம் உட்கார வைப்பது. அதனை நாங்களும் செய்திருக்கிறோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

எனவே, மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம். முதலாவதாக, ஆண்டின் முதல் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை காலை பெற்றோரைத் திடலுக்கு அழைத்து, பிள்ளைகளோடு மணலிலும் புல்லிலும் விளையாடச் செய்வோம். பட்டுச்சேலையில் வந்த தாய்க்கு அன்றே உண்மை விளங்கிவிடும். இரண்டாவதாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையுடன் வகுப்பில் ஓர் உடைப்பெட்டி வைப்போம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டை, சிலுவார், காலணி ஆகியவற்றைத் துவைத்து அதில் சேர்ப்போம். யார் தந்தது, யார் எடுத்தது என்று எவரும் கேட்கலாகாது. மூன்றாவதாக, மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்ல வருவோரிடம், அது பாட்டியாயினும் வேன் ஓட்டுநராயினும், ‘நாளை திடல்’ என்று இரு சொல் கூறியனுப்புவோம். நீண்ட சுற்றறிக்கை செய்யாததை அவ்விரு சொல் செய்யும்.

பெற்றோர்களே! மாலையில் பிள்ளை மண்படிந்த சட்டையோடு வீடு திரும்பினால் முகஞ்சுளிக்காதீர்கள். “இன்று என்ன விளையாடினாய்?” என்று கேளுங்கள். அழுக்கைச் சவர்க்காரம் போக்கிவிடும். கழிந்துபோன குழந்தைப் பருவத்தையோ எதனாலும் மீட்க இயலாது. பட்டுப் பாவாடைக்குப் பொங்கல் உண்டு, தீபாவளி உண்டு, பள்ளியின் பரிசளிப்பு விழாவும் உண்டு. திடலுக்குப் பழஞ்சட்டையே போதும். மரத்தடியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒருத்தியும் இனி நம் பள்ளியில் இல்லை என்னும் நிலையை நாம் ஒன்றுகூடி உருவாக்குவோமாக!