100 எம்பிபிஎஸ் இருந்தும் அம்மாவால் ஒரு போன் போட முடியல

1/
வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போடப் போறீங்களா? எந்த கம்பெனி, எந்த பிளான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான். "டாக்டருக்கு இதுல என்ன வேலை"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

2/
அம்மாவுக்கு 71 வயசு. பட்டுக்கோட்டை பக்கத்துல எங்க பழைய வீட்டில் தனியா இருக்காங்க. நான் மதுரையில். பேரப்பிள்ளைகளை வீடியோ காலில் பார்க்கட்டுமேன்னு ஃபைபர் போட்டுக் கொடுத்தேன். 100 எம்பிபிஎஸ். "இனி எதுக்கு ரெண்டு பில்"னு லேண்ட்லைனை சரண்டர் பண்ணிட்டேன். வீட்டுக்குள்ள செல்போன் டவர் ஒரு கோடுதான் காட்டும். அதனால வைஃபை காலிங்கும் போட்டுவிட்டேன். பேச்சு கணீர்னு கேட்டுச்சு. பெரிய கடமையை முடிச்ச திருப்தி எனக்கு.

3/
ஒரு ராத்திரி ஒன்றரை மணி. அம்மாவுக்கு நெஞ்சை அடைக்குது, உடம்பெல்லாம் வியர்வை. எனக்குப் போன் போட்டிருக்காங்க. போகல. தங்கச்சிக்குப் போட்டிருக்காங்க. அதுவும் போகல. தெருவில் கரண்ட் இல்லை. ஆனா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு. ஃபேன் ஓடுது, லைட் எரியுது, கரண்ட் போனதே அவங்களுக்குத் தெரியல. ரவுட்டர் மாட்டியிருந்த பிளக் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. "போன்தான் கெட்டுப்போச்சு போல, விடிஞ்சதும் பார்த்துக்கலாம்"னு படுத்துட்டாங்க.

4/
முக்கால் மணி நேரம் கழிச்சு வலி தாங்காம வாசலுக்கு வந்து எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க காரில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஈசிஜியில் மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உடனே போட்டாங்க. அம்மா இப்ப நல்லா இருக்காங்க.

"மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும், தாமதிக்காதீங்க"ன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆள் நான். என் அம்மாவோட முக்கால் மணி நேரத்தை ஒரு பிளக் பாயின்ட் தின்னுடுச்சு. லைன் போட வந்தவர் சொல்லல, உண்மைதான். ஆனா கேட்காதது நான்.

5/
இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய லேண்ட்லைன் செம்புக் கம்பியில் வந்தது. போனுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில், எக்ஸ்சேஞ்சில் இருக்கிற 48 வோல்ட் பேட்டரியில் இருந்து வரும். ஊரே இருட்டா இருந்தாலும் ரிசீவரை எடுத்தா டயல் டோன் கேட்டதுக்கு அதுதான் காரணம்.

ஃபைபர் கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் மட்டும்தான் வரும், மின்சாரம் வராது. உங்க வீட்டுப் பெட்டிக்கு கரண்ட் இல்லைன்னா நெட்டும் இல்லை, அதோட குடுத்த போனும் இல்லை.

2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாம கிடந்த பகுதி எங்களுது. எனக்கே இது உறைக்கல.

6/
அதனால என் கருத்து இதுதான். ஃபைபரை இனி பொழுதுபோக்குச் செலவா பார்க்காதீங்க. அது வீட்டோட ஒரே போன் லைன். வேகத்தைப் பார்த்து வாங்காதீங்க. கரண்ட் போனா என்ன ஆகும், லைன் அறுந்தா யார் எப்ப வருவாங்க, பெட்டி வீட்டில் எங்க இருக்கும். இந்த மூணையும் கேட்டு வாங்குங்க.

7/
முதல்ல வேகம். நான் படிச்சதும் எம்பிபிஎஸ், இன்டர்நெட் வேகமும் எம்பிபிஎஸ். தமிழில் எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டிலும் மக்கள் பண்ற தப்பும் ஒண்ணுதான்: போர்டில் இருக்கிறதை மட்டும் பார்த்து உள்ள போயிடுறது.

100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 100 மெகாபிட். டவுன்லோடு கணக்கில் நொடிக்கு 12.5 எம்பி. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும்னு சொல்லுது. ஒரு வீடியோ காலுக்கு நாலஞ்சு எம்பிபிஎஸ் தாராளம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 50, மிஞ்சிப் போனா 100. பெரிய ஃபைல்களை அனுப்பி வாங்குற வேலை வீட்டிலிருந்தே பார்க்கிறவங்க மேல போகலாம். மத்தவங்களுக்கு 300 என்பது தேவையில்லாத டானிக் மாதிரி. உடம்பில் ஒட்டாது, பர்ஸ்தான் இளைக்கும்.

அப்லோடு வேகம் எவ்வளவுன்னு தனியா கேளுங்க. வீடியோ காலில் உங்க முகம் எதிராளிக்குத் தெளிவா தெரியறது அதை வச்சுத்தான்.

8/
அடுத்து, எந்த கம்பெனி? விளம்பரத்தைக் கேட்காதீங்க, உங்க தெருவைக் கேளுங்க. ஒரே கம்பெனி ஒரு தெருவில் தங்கமா இருக்கும், அடுத்த தெருவில் தகரமா இருக்கும். லைன் பார்க்கிற ஆளைப் பொறுத்தது அது. உங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "போன மழையில லைன் அறுந்தப்போ எத்தனை நாள்ல சரி பண்ணாங்க?"

குடும்ப டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? ராத்திரி கூப்பிட்டா எடுப்பாரான்னு பார்ப்பீங்கல்ல? அதே கணக்குதான்.

9/
லோக்கல் கேபிள்காரர்கிட்ட வாங்கறதும் தப்பில்லை. சில ஊர்களில் அவர்தான் பத்து நிமிஷத்தில் ஏணியோட வந்து நிப்பார். ஆனா அவர்கிட்ட இன்னொரு கேள்வியும் கேட்கணும்: "தெருவில் கரண்ட் போனா லைன் நிக்குமா?"

சரியான ஃபைபர் அமைப்பில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படுற கருவி எதுவும் இருக்காது. வெளிச்சத்தைப் பிரிக்கிற சின்ன ஸ்ப்ளிட்டர் மட்டும்தான், அதுக்கு மின்சாரம் வேண்டாம். சில இடங்களில் கம்பத்துலயோ யாரோ ஒருத்தர் வீட்டு மாடியிலயோ கரண்ட்டில் ஓடுற பெட்டி வச்சு லைன் பிரிச்சிருப்பாங்க. அது அணைஞ்சா உங்க வீட்டில் எத்தனை பேட்டரி வச்சாலும் பிரயோஜனமில்லை.

10/
பில் விஷயம் சுருக்கமா. விளம்பர விலைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். "அன்லிமிடெட்"னு சொன்னாலும் அதுக்கு மாச வரம்பு உண்டு, பல பிளான்களில் 3300 ஜிபி. சாதாரண வீட்டுக்கு அது ஏராளம். இலவசமா குடுக்கிற ரவுட்டர் கம்பெனிக்குச் சொந்தம், திருப்பிக் குடுக்கும்போது ரசீது வாங்குங்க. எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் முதல் நாளே ஒரு வருஷத்துக்குக் கட்டாதீங்க. ஒரு மாசம், முடிஞ்சா ஒரு மழைக்காலம் பார்த்துட்டு கட்டுங்க.

11/
லைன் போட வர்ற நாள்தான் முக்கியம். அன்னிக்கு நீங்க வீட்டில் இருங்க. வயர் எந்த ஜன்னல் வழியா உள்ள வருதோ அங்கேயே பெட்டியை மாட்டிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பாங்க. விடாதீங்க. "இன்னும் பத்து மீட்டர் உள்ள இழுங்க"ன்னு சொல்லுங்க.

வீட்டுக்கு நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கணும். டிவிக்குப் பின்னாடி, பீரோ மேல, ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனா சுவரைக் கண்டா சுருண்டுடும். 2.4 மெதுவானது, ஆனா ரெண்டு சுவர் தாண்டும். பெரியவங்க படுக்கிற அறையில் நின்னு ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தவரை அனுப்பணும்.

இழையை மடக்கக் கூடாது, ஆணி அடிச்சு இறுக்கக் கூடாது. வளைஞ்ச இடத்தில் வெளிச்சம் கசிஞ்சிடும்.

12/
இப்ப கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தா, ரவுட்டர் பிளக் அந்த லைனில் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. இன்வெர்ட்டர் இல்லைன்னா ரவுட்டருக்குன்னே மினி யூபிஎஸ் கிடைக்குது. கையடக்கப் பெட்டி, சில மணி நேரம் தாங்கும். உங்க அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கோ அதுக்குப் பொருந்தினதா வாங்கணும். பெரும்பாலும் 12 வோல்ட். மோடம் தனியா, ரவுட்டர் தனியா இருந்தா ரெண்டுக்கும் வேணும். ஒண்ணுக்கு மட்டும் மாட்டிட்டு "வேலை செய்யல"ன்னு சொல்றவங்க நிறைய.

13/
நெட் மெதுவா இருக்கா? கஸ்டமர் கேரைத் திட்டறதுக்கு முன்னாடி நோய் எங்கன்னு பாருங்க. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோட நேரா இணைச்சு ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. வேகம் சரியா வந்தா லைன் ஆரோக்கியம், வியாதி உங்க வைஃபையில்.

பெட்டியில் எல்ஓஎஸ்னு ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பா மின்னினா வெளியிலிருந்து வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். புகார் குடுங்க, புகார் எண்ணை எழுதி வையுங்க. தீர்க்கலைன்னா அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, அந்த எண்ணோட அவருக்கு எழுதலாம். ரவுட்டரை அணைச்சுப் போடலாம். ஆனா பின்னாடி இருக்கிற ரீசெட் ஓட்டையில் ஊசியை விடாதீங்க, செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும்.

14/
கிளினிக்கில் கேட்கிற கேள்வி: "டாக்டர், வைஃபை கதிர்வீச்சு கர்ப்பிணிக்கு ஆகுமா?" எக்ஸ்ரே மாதிரி மரபணுவை உடைக்கிற சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. நிம்மதியா இருங்க.

பயப்பட வேண்டியது வேற. இழையை வெட்டும்போது விழுற கண்ணாடித் துணுக்கு. முடி கனம்தான், கண்ணுக்கே தெரியாது. குழந்தையோட பாதத்தில் ஏறினா எடுக்கிறது பெரும்பாடு. லைன் போட்டவர் போறதுக்கு முன்னாடி துணுக்குகளை டேப்பில் ஒத்தி எடுக்கச் சொல்லுங்க. இழையோட முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்காதீங்க. அதில் வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால கண் சிமிட்டவும் சிமிட்டாது.

15/
"மொபைல் டேட்டா இருக்கே, எதுக்கு இவ்வளவு?"ன்னு சிலர் கேட்பீங்க. வீட்டுக்குள்ள நாலு கோடு சிக்னல் இருந்தா சரிதான். எங்க வீடு மாதிரி ஒரு கோடு இருக்கிற வீடுகளை நினைச்சுப் பாருங்க. அங்கதான் வயசானவங்க தனியா இருக்காங்க.

அமெரிக்காவில் 2015-லேயே தொலைத்தொடர்பு ஆணையம் விதி போட்டது. 2025 வரை அமலில் இருந்த அந்த விதிப்படி, இந்த மாதிரி போன் சேவை தர்ற கம்பெனிகள், கரண்ட் போனா போன் நின்னுடும்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்ல வேண்டியிருந்தது. 8 மணி நேரம் தாங்குற பேட்டரியை விலைக்காவது குடுக்கத் தயாரா இருக்க வேண்டியிருந்தது. இங்கேயும் லைன் போட வர்றவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்றதைக் கட்டாயமாக்கணும். ஓடிடி ஆஃபர் பத்தி அரை மணி நேரம் பேச முடியுது. இதுக்கு அரை நிமிஷம் போதும்.

16/
கடைசியா, இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. அப்பா அம்மா வீட்டுக்குப் போறப்போ மெயின் ஸ்விட்சை அணைங்க. கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் அவங்க படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து, அவங்க போனிலிருந்து உங்களுக்கு ஒரு கால் போடுங்க. போச்சுன்னா சந்தோஷம். போகலைன்னா பகல் வெளிச்சத்தில் தெரிஞ்சுதேன்னு சந்தோஷப்படுங்க.

எங்க வீட்டில் இப்ப ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கு. வேற கம்பெனி சிம் போட்ட பட்டன் போன் ஒண்ணு தலைமாட்டில் இருக்கு. எதிர்வீட்டு அக்கா நம்பரும் 108-ம் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கு. நெஞ்சு வலின்னா முதல் போன் எனக்கு இல்லை, 108-க்குன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.

"அப்ப உனக்கு எப்ப போடறது"ன்னு கேட்டாங்க. ஆம்புலன்ஸில் ஏறினப்புறம் போடுங்கம்மான்னு சொன்னேன்.