குளிர்சாதனப் பெட்டி வாங்க முன்



சுயதொழில் உதவி தேடி எம்மிடம் வரும் பெண்கள் தையல் மெஷினைப் போலவே அடிக்கடி கேட்கும் இன்னொரு பொருள் குளிர்சாதனப் பெட்டி. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்கும் சகோதரியும் கேட்கிறார். கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக மீன் கொண்டுபோய் விற்கும் சகோதரியும் கேட்கிறார். "பிறிஜ் ஒன்று இருந்தால் மிஞ்சினது பழுதாகாது, அக்கா. நான் எப்படியும் தவணை கட்டிப்போடுவன்" என்பதே இருவரதும் பேச்சு.

அவர்கள் கேட்பது நியாயமானது. எனினும் கையொப்பம் வைப்பதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை மிக நன்றாகப் போடுபவர்கள் பழைய பாய்மரப் படகுகளில் வாழ்பவர்கள். ஆகவே இம்மாதம் அப்படியொரு படகின் குசினிக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

வெளிநாடுகளில் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கடலில் பயணம் செய்யும் குடும்பங்கள் உள்ளன. பலரது படகுகள் முப்பது, நாற்பது வருடம் பழையவை. குசினி என்பது ஓர் அடுப்பும், பாத்திரம் கழுவ ஒரு தொட்டியும், ஐஸ் கட்டி போட்டு வைக்க ஒரு பெட்டியும் கொண்ட சிறு மூலைதான். நம்மில் பலர் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ் குசினியை விடவும் சிறியது. அந்தப் பழைய ஐஸ் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியாக மாற்ற அவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் நடுக்கடலுக்கு மின்சார சபையின் வயர் வராது. சூரியத் தகட்டிலிருந்தோ படகின் எஞ்சினிலிருந்தோ பற்றரியில் சேர்த்து வைத்த மின்சாரம் மாத்திரமே உண்டு. ஆகவே அவர்கள் ஒவ்வொரு துளியையும் எண்ண வேண்டியிருக்கிறது.

கணக்கு இதுதான். படகுகளில் பூட்டும் சிறிய 12 வோல்ட் கொம்பிரசர் ஓடும்போது ஏறத்தாழ 5 அம்பியர் மின்சாரத்தை இழுக்கும். எமது நாட்டைப் போன்ற வெக்கையான இடத்தில் அது நாளில் பாதி நேரம், அதாவது 12 மணித்தியாலம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 12ஐ 5ஆல் பெருக்கினால் 60 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி என்று எழுதப்பட்ட ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது விரைவில் பழுதாகிவிடும். எனவே எடுக்கக்கூடியது 50 மட்டுமே. ஒரு பற்றரி ஒரு நாளைக்கே போதாது. வெளிச்சமும் வானொலித் தொடர்பும் அதே பற்றரியில்தான் நடக்க வேண்டும். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி பெரிய பற்றரி வாங்குவதல்ல. முதலில் பெட்டியைத் திருத்துவார்கள். பழைய படகின் ஐஸ் பெட்டியைச் சுற்றியுள்ள நுரைக் காப்பு மெல்லியதாக இருக்கும். அல்லது வருடக்கணக்கில் ஈரம் ஊறிக் கிடக்கும். ஈரமான காப்பு வெப்பத்தைத் தடுக்காது. அதை அகற்றிவிட்டு நான்கு அங்குலத் தடிப்புக்குப் புதிய நுரையை வைத்து, மூடியின் விளிம்புக்கு இறுக்கமான ரப்பர் பட்டி பூட்டுவார்கள். கொம்பிரசரை அடுப்புக்குப் பக்கத்திலோ காற்றுப் போகாத பலகைத் தட்டுக்குள்ளோ வைக்கமாட்டார்கள். பெட்டியின் கதவும் பெரும்பாலும் மேற்பக்கமாகவே திறக்கும். குளிர்ந்த காற்று பாரமானது. முன்பக்கம் திறந்தால் அது கீழே வழிந்து ஓடிவிடும். மேலே திறந்தால் உள்ளேயே கிடக்கும். இப்படித் திருத்திய பெட்டியில் கொம்பிரசர் ஓடும் நேரமும் குறைகிறது, பற்றரியும் தாங்குகிறது.

பெட்டி நன்றாக இருந்தால் இயந்திரமே இல்லாமலும் குளிரைக் காக்கலாம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1833ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து ரஸ்கனி என்ற பாய்க்கப்பல் 180 தொன் ஐஸ் கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. குளிர்காலத்தில் வெட்டி எடுத்த அந்த ஐஸை அனுப்பியவர் பிரெடெரிக் ரியூடர் என்ற வணிகர். கொம்பிரசரும் மின்சாரமும் இல்லாத காலம். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் கரையாமல் மிஞ்சியிருந்தது. வெப்பம் புகாதபடி கப்பலின் அறையைக் கவனமாக அடைத்ததே காரணம்.

சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டப்பட்டதுதான் ஐஸ் அவுஸ். பிற்காலத்தில் அதே கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான இல்லத்தை நடத்தினார். சிறுவயதிலேயே கணவனை இழந்து, உறவினரின் ஆதரவுடன் படித்து, 1911இல் பட்டம் பெற்றவர் அவர். தலை மழித்து மூலையில் இருத்தப்பட்டிருக்க வேண்டிய பெண்பிள்ளைகள் அவரது இல்லத்தில் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். ஐஸுக்குக் கட்டிய வீடு அவர்களுக்குப் புகலிடமானது.

எமது கடலிலும் இதே பாடம் உண்டு. போய் மறுநாளே திரும்பிய மூன்றரைத் தொன் படகுகளில் 1980களில் ஐஸ் பெட்டி அமைத்த பிறகே எமது கடற்றொழிலாளர் பல நாட்கள் கடலில் நிற்க முடிந்தது. இன்றும் கொட்டாஞ்சேனைக்கு அடுத்துள்ள முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் கலங்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டே புறப்படுகின்றன.

இனி எமது குசினிக்கு வருவோம். படகுக்காரர் கேட்கும் கேள்விகளை நாமும் கேட்போம்.

முதலாவது, எதைக் குளிரில் வைக்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரத்துக்கு? ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் மிஞ்சியதை எழுதிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு பார்சல்தான் மிஞ்சுகிறது என்றால் உங்களுக்குத் தேவை பிறிஜ் அல்ல. முதல்நாளே ஓடர் எடுத்து அளவாகச் சமைப்பதே. சமைத்த சோற்றையும் கறியையும் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பச்சை மீன், இறைச்சி, பால் போன்றவற்றை நாளாந்தம் வாங்கி வைத்துத் தொழில் செய்பவருக்குப் பிறிஜ் உண்மையிலேயே உழைத்துத் தரும்.

இரண்டாவது, மின்சாரம். ஒரு சாதாரண பிறிஜ் நாளுக்கு ஓர் அலகு எடுத்தாலும் மாதம் 30 அலகு. அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை மறக்கவேண்டாம். வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டுக்காரருடன் முன்கூட்டியே பேசி, தனி மீற்றர் வைக்க முடியுமா எனக் கேளுங்கள். "பிறிஜ் இருக்கிறது" என்று சொல்லி மாதா மாதம் மனம்போன தொகை கேட்கும் வீடுகள் உண்டு. மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். கதவைத் திறக்காமல் விட்டால் பிறிஜின் குளிர் ஏறத்தாழ 4 மணித்தியாலம் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு நடந்தது. தண்ணீர் நிரப்பிய போத்தல்களை மேல்தட்டில் உறைய வைத்திருந்தால் அவ்வேளையில் கைகொடுக்கும்.

மூன்றாவது, பெட்டியின் நிலை. பழைய பிறிஜ் வாங்குவதாயின் கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாகக் கையோடு வந்தால் ரப்பர் பட்டி போய்விட்டது. குளிரும் அவ்வழியே போகும். பட்டியை மாற்றலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் அதைச் சுவரோடு ஒட்டியோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

மீன் விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு முதலில் வேண்டியது நல்ல ஐஸ் பெட்டி. தடித்த ரெஜிபோம் பெட்டி ஒன்றுக்கு இறுக்கமான மூடி போட்டு, அடியில் உருகிய நீர் வழிய ஒரு சிறு துளை வையுங்கள். மீன் அந்த நீரில் ஊறக்கூடாது. மீன் ஒரு கிலோவுக்கு நொறுக்கிய ஐஸ் ஒரு கிலோ என்ற அளவில், ஐஸ், மீன், ஐஸ் என அடுக்குங்கள். பெட்டியை நிழலில் வைத்து மேலே ஈரச்சாக்குப் போடுங்கள். சூரை, கும்பளா போன்ற மீன்கள் வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஒருவித நஞ்சு உண்டாகும்; முகம் சிவந்து தடிப்பும் வாந்தியும் வரும். பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஆகவே மீன் வாங்கிய நிமிடத்திலிருந்தே ஐஸில் இருக்க வேண்டும். வீட்டில் பிறிஜ் இருந்தாலும் தெருவில் காப்பாற்றுவது இந்தப் பெட்டிதான்.

கடைசியாகக் கடன். தவணைக்கு வாங்கும்போது முற்பணத்தையும் எல்லாத் தவணைகளையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி. ஒப்பந்தத்தைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். நுண்கடன் குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டிவரும் என்பதும் நினைவிருக்கட்டும். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாகியது. வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்பதற்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்த பெண்களை நாம் அறிவோம்.

பிறிஜ் வாங்குவது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கவேண்டாம். இடம்பெயர்ந்து, இருந்ததை விட்டுவிட்டு, கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டு ஓடியவர்களுக்குத் தூக்கமுடியாத ஒரு பொருளை வீட்டில் வைப்பது பெரிய விடயம். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டபோது, அவர்கள் கொண்டுபோனது ஒரு பையளவு பொருட்களைத்தான். "இனி இங்கேதான் இருக்கப் போகிறேன்" என்ற நம்பிக்கையோடுதான் ஒரு பெண் பிறிஜ் வாங்குகிறாள். அந்த நம்பிக்கை கடன்காரனின் கையில் போய்விடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

எனவே சகோதரிகளே, அடுத்த மாதம் கடைக்குப் போக எண்ணியிருப்பவர்கள் இந்த மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். மிஞ்சியது என்ன, மின்கட்டணம் எவ்வளவு கூடும், தவணை போக வாரத்துக்கு எவ்வளவு கையில் நிற்கும் என எழுதுங்கள். கணக்கு சரிவந்தால் துணிந்து வாங்குங்கள். சரிவராவிட்டால் ஐஸ் பெட்டியுடன் தொடங்குங்கள். அதில் சேரும் பணத்திலேயே பிறிஜை ரொக்கமாக வாங்கும் நாளும் வரும்.